ஒபான், மல், ஸ்கை, இன்வர்னஸ்: 8 நாள் கார்ப் பயணம், திட்டம் சரியா?

மார்ச் 2, மாலை 6.10 (கேள்வி)

ஜூன் மத்தியில் ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவில் கார் எடுத்து இன்வர்னஸில் விடுகிறோம். ஆறு பேர்: நாங்கள் இருவர், அம்மா, அப்பா, பிள்ளைகள் இருவர் (9 வயது, 6 வயது). அம்மாவும் அப்பாவும் சுத்த சைவம், மற்றவர்களுக்கு எதுவும் ஆகும். 8 நாளில் க்ளென்கோ, மல் தீவு, அயோனா, ஸ்கை, ஹாரிஸ், பிறகு வடகரையைச் சுற்றும் என்சி500 முழுவதும். மேப்பில் கூட்டினால் 1,900 கி.மீ. நாளுக்கு 240 கூட வரவில்லை. சென்னையிலிருந்து மதுரைக்கே ஒரு மூச்சில் 460 ஓட்டுகிறோம். முடியும்தானே?

மார்ச் 2, இரவு 9.45

முடியாது. கிலோமீட்டரை வைத்துப் போட்ட திட்டம் அங்கே முதல் நாளே சரியும். ஒவ்வொரு நாளையும் முடிவு செய்பவை இரண்டுதான்: படகு புறப்படும் நேரம், உணவகத்தின் அடுப்பு அணையும் நேரம். அந்த இரண்டையும் முதலில் தாளில் எழுதுங்கள். பார்க்கும் இடங்களை மிச்சமுள்ள இடைவெளியில் செருகுங்கள்.

என்சி500 மட்டுமே 516 மைல், அதாவது 830 கி.மீ. அதில் கணிசமான பகுதி ஒற்றைத் தடச் சாலை. ஒரு கார் அகலம்தான், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடையிடையே ‘பாஸிங் ப்ளேஸ்’. மணிக்கு 60 மைல் சட்டப்படி அனுமதி இருக்கலாம், ஆனால் கைக்கு வருவது 25, 30 மைல். அதை வெட்டுங்கள். ஹாரிஸையும் வெட்டுங்கள். மிச்சமிருப்பதே 8 நாளுக்கு நிறைவான பயணம்.

மார்ச் 2, இரவு 10.30

வெட்டிய பிறகு வரும் வரிசை:

நாள் 1: கிளாஸ்கோ – லோக் லோமண்ட் ஏரி – டின்ட்ரம் – க்ளென்கோ – ஒபான். ஒபானுக்கு நேர்வழி 155 கி.மீ. அந்த வழியில் போனால் க்ளென்கோ வராது. டின்ட்ரமில் இடதுபக்கம் ஏ85-இல் திரும்பாமல் ஏ82-இலேயே ரன்னாக் மூர் தாண்டி க்ளென்கோ பள்ளத்தாக்கில் இறங்கி, பலாஹூலிஷ் பாலம் வந்ததும் ஏ828 பிடித்துக் கரையோரமாகத் தெற்கே ஒபானுக்கு வர வேண்டும். மொத்தம் 200 கி.மீ. சொச்சம். ஆப்பின் அருகே கடலுக்குள் நிற்கும் ஸ்டாக்கர் கோட்டை சாலையிலிருந்தே தெரியும்.

நாள் 2: ஒபான் – க்ரெய்க்நூர் படகு, ஏறத்தாழ 50 நிமிடம். மல் தீவில் டோபர்மோரியில் தங்கல், இரண்டு இரவு.

நாள் 3: ஃபின்னஃபோர்ட் போய் அங்கிருந்து அயோனா.

நாள் 4: டோபர்மோரி – கில்கோயன் படகு, சாலை வழியாக மாலெய்க், அங்கிருந்து ஸ்கையின் ஆர்மடேலுக்குப் படகு.

நாள் 5, 6: ஸ்கை.

நாள் 7: ஸ்கை பாலம், ஏலன் டோனன் கோட்டை, லோக் நெஸ், இன்வர்னஸ்.

நாள் 8: காரைத் திருப்பிக் கொடுத்தல்.

மார்ச் 3, காலை 7.20

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். டோபர்மோரியில் தங்க வேண்டாம். வண்ண வண்ண வீடுகள் நிற்கும் துறைமுகம், அழகுதான், ஒரு மாலை போய் வாருங்கள். ஆனால் அங்கிருந்து ஃபின்னஃபோர்ட் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். 6 வயதுக் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் அது தண்டனை. க்ரெய்க்நூருக்கும் டோபர்மோரிக்கும் நடுவில் சாலன் என்று ஓர் ஊர் இருக்கிறது, இரண்டுக்கும் ஏறக்குறைய 17 கி.மீ. அங்கே வீடு எடுத்தால் அயோனா நாளில் ஒரு மணி நேரம் வரை மிச்சம்.

அயோனாவுக்குப் பயணிகளின் கார் போகாது. ஃபின்னஃபோர்ட்டில் நிறுத்திவிட்டு நடந்து ஏற வேண்டும், 10 நிமிடக் கடப்பு. கி.பி. 563-இல் புனித கொலம்பா வந்து மடம் நிறுவிய இடம். துறையிலிருந்து மடாலயம் வரை மெதுவான நடைதான், அம்மாவால் முடியும். ஃபிங்கல் குகை இருக்கும் ஸ்டாஃபா தீவையும் அதே நாளில் சேர்க்கத் தோன்றும். அலை இருந்தால் படகு கரையில் இறக்காது, சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். பஃபின் பறவைகளுக்காக மட்டும் போகலாம், மே முதல் ஜூலை வரை இருக்கும். அப்படியானால் பெரியவர்கள் அயோனாவில் உட்காரட்டும், மற்றவர்கள் ஸ்டாஃபா போய் வரட்டும்.

மார்ச் 3, காலை 7.50

சாலன் என்று சொன்னதும் சொல்ல வேண்டியது: இரண்டு சாலன் இருக்கின்றன. ஒன்று மல் தீவில். இன்னொன்று கடலுக்கு அந்தப் பக்கம், ஆர்ட்நமர்கன் நிலப்பகுதியில். 4-ஆம் நாள் முதலாவதிலிருந்து கிளம்பி இரண்டாவது வழியாகத்தான் போகப் போகிறீர்கள். தங்குமிடம் பதிவு செய்யும்போதும் வழிகாட்டியில் அடிக்கும்போதும் எந்தச் சாலன் என்று பாருங்கள்.

டார்பர்ட்டும் அப்படித்தான். ஹாரிஸில் ஒன்று, கின்டையரில் ஒன்று, லோக் லோமண்ட் கரையில் டார்பெட். கேலிக் மொழியில் இரு நீர்ப்பரப்புக்கு நடுவே உள்ள குறுகிய நிலத்துக்கு அதுதான் பெயர். அதனால் அப்படிப்பட்ட இடம் எங்கிருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அஞ்சல் குறியீட்டை நம்பியும் போக வேண்டாம், மலைநாட்டில் ஒரே குறியீடு பல கி.மீ. பரவியிருக்கும். வரைபடத்தை முன்னாலேயே போனில் இறக்கி வையுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும்.

மார்ச் 3, இரவு 8.15

படகு. கால்மாக் நிறுவனம்தான் இந்தத் தீவுகளின் பெரும்பாலான பாதைகளை ஓட்டுகிறது. ஆட்களுக்கு இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும், காருக்குத்தான் கிடைக்காது. ஜூன் என்றால் ஒபான் – க்ரெய்க்நூர், மாலெய்க் – ஆர்மடேல் இரண்டையும் பதிவு திறந்த உடனே போடுங்கள். விமான டிக்கெட்டுக்கு அடுத்த வேலை இதுதான், தங்குமிடம்கூட அதற்குப் பிறகுதான்.

பதிவில் வாகனத்தின் நீளம், உயரம் கேட்பார்கள். கூரையில் பெட்டி மாட்டினால் உயரம் மாறும். வாடகைக்கார் நிறுவனம் ‘இந்த மாடல் அல்லது அதற்கு இணையானது’ என்றுதான் சொல்லும். ஆகவே ஏழு இருக்கை வண்டிக்கு 5 மீட்டர் என்று போட்டுவிட்டு, வண்டி கைக்கு வந்ததும் கையேட்டில் நீளத்தைப் பார்த்துத் தேவைப்பட்டால் திருத்துங்கள். வாடகை ஒப்பந்தத்தில் படகில் ஏற்ற அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

துறைக்குப் புறப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னால் போய்விடுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் கடைசி நேரத்தைத் தாண்டினால், பணம் கட்டியிருந்தாலும் இடம் காத்திருப்பு வரிசைக்குப் போய்விடும். ஏறியதும் கைப்பிரேக், கியரில் விட்டு அணைப்பு, அலாரம் நிறுத்தம். பெரிய கப்பல்களில் ஓடும் நேரத்தில் கார்த் தளத்தில் இருக்க முடியாது. மருந்து, சால்வை, குழந்தையின் பால் எல்லாவற்றையும் முன்னாலேயே கைப்பையில் எடுத்து மேலே போங்கள்.

மார்ச் 4, காலை 6.40

4-ஆம் நாளைப் பற்றி யோசித்ததில் ஒரு சிக்கல். டோபர்மோரி – கில்கோயன் சின்னப் படகு, 35 நிமிடம், வரிசையில் முன்னால் நிற்பவருக்கே இடம். கில்கோயனிலிருந்து (ஆர்ட்நமர்கன்) சாலன் வரை ஒற்றைத் தடம், ஒரு மணி நேரம். அங்கிருந்து லோக்கைலர்ட் முக்கால் மணி. பிறகு மாலெய்க் அரை மணி. கூட்டினால் இரண்டேகால் மணி, நிறுத்தாமல் ஓட்டினால். ஆறு பேரோடு மூன்றரை என்று வையுங்கள். மாலெய்க் படகை மாலைக்குப் போடுங்கள்.

கில்கோயன் வரிசை நிரம்பியிருந்தால் கலங்க வேண்டாம். சாலனுக்கும் க்ரெய்க்நூருக்கும் நடுவே ஃபிஷ்னிஷ் துறை. அங்கிருந்து லோக்கலைன் 18 நிமிடம், நாளில் பலமுறை ஓடும். இறங்கி ஸ்ட்ரான்டியன் வழியாக அதே சாலனுக்கு வந்து சேரலாம். இப்போது யோசித்தால், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதையே முதல் தேர்வாகச் சொல்லியிருக்க வேண்டும். தங்குமிடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

மாலெய்க் படகு காற்றாலோ கோளாறாலோ ரத்தானால் திரும்பி ஃபோர்ட் வில்லியம் பக்கம் வந்து, இன்வர்கேரி வழியாக ஏ87 பிடித்து ஸ்கை பாலம். ஓட்டம் மட்டும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கூடுதல். 1995-இல் திறந்த பாலம், 2004 முதல் சுங்கம் கிடையாது. அதனால் ஸ்கைக்கு எப்படியும் போய்விடலாம். மல்லிலிருந்து வெளியேற மட்டும் படகு ஒன்றே வழி. கடைசி நாளில் மல் வராமல் நடுவில் வைத்திருப்பது அதற்காகத்தான்.

மார்ச் 4, மதியம் 1.05 (கேள்வி கேட்டவர்)

பிள்ளைகள் ஹாரி பாட்டர் சினிமாவில் பார்த்த அந்த நீராவி ரயில் பாலம் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். இந்த வழியில் வருமா? அப்புறம் சாப்பாடு பற்றி எதுவும் சொல்லவில்லையே.

மார்ச் 4, இரவு 9.00

வழியில் வராது. க்ளென்ஃபின்னன் பாலம் லோக்கைலர்ட்டிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. கிழக்கே. போய்த் திரும்ப ஒரு மணி நேரம் வையுங்கள். 21 வளைவு, 1901-இல் திறந்த பாதை, கல் அல்ல, முழுக்க கான்கிரீட். ரயில் வரும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிடும், ஏ830 ஓரத்தில் நிறுத்தவே கூடாது. பிற்பகலில் ரயிலில்லாமல் பாலத்தை மட்டும் பார்த்தால் போதுமென்றால் 4-ஆம் நாளில் இடமிருக்கிறது. ரயிலோடுதான் வேண்டுமென்றால் அந்த நாள் முழுவதையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். நான் பாலத்தோடு நிறுத்துவேன். மிஞ்சும் நேரத்தில் மாலெய்க்குக்கு முன்னால் மோரார் வெள்ளை மணலில் பிள்ளைகளை விடுங்கள்.

மார்ச் 4, இரவு 10.10

சாப்பாடு. மதியம் 12 முதல் 2 வரை, இரவு 6 முதல் 8 அல்லது எட்டரை. அதன் பிறகு மதுக்கூடம் திறந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். ஜூனில் ஸ்கையில் சூரியன் மறைய இரவு பத்தரை ஆகும். வெளிச்சத்தைப் பார்த்து “இன்னும் மாலைதானே” என்று சுற்றிக்கொண்டிருந்தால் சிப்ஸ் பொட்டலம்தான் இரவு உணவு. ஆறு பேர் மேசைக்கு ஸ்கையில் வாரக்கணக்கில் முன்பதிவு தேவை. சில மதுக்கூடங்களில் உரிமத்தைப் பொறுத்து எட்டு மணிக்கு மேல் குழந்தைகளை உள்ளே வைத்திருக்க முடியாது, பதிவின்போதே கேளுங்கள்.

அசைவக்காரர்களுக்கு அங்கே தேட வேண்டியது கடல் உணவு. ஒபான் துறைமுகக் குடிலில் நண்டு, சிப்பி. டோபர்மோரி துறையில் மீன்-சிப்ஸ் வண்டி. ஸ்கையில் கார்பாஸ்ட்டில் டாலிஸ்கர் விஸ்கி வடிசாலைக்கு மேலே சிப்பி விற்கும் கொட்டகை, அது பகல் நேரக் கடை. லாங்குஸ்டீன் என்று பட்டியலில் இருந்தால் விடாதீர்கள், நீண்ட இடுக்கியுள்ள இறால் வகை, வெண்ணெய் பூண்டில் வரும். கல்லன் ஸ்கிங்க் என்பது புகையூட்டிய ஹாடாக் மீன், உருளை, வெங்காயம், பால் சேர்த்த கெட்டி சூப். குளிர்ந்த மழைநாளில் அதற்கு ஈடில்லை. ஹாகிஸ் என்றால் ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகோடு சேர்த்து வேகவைத்தது. குடல் குழம்பும் ஈரல் வறுவலும் சாப்பிட்ட நாக்குக்கு அது அந்நியமாகவே படாது.

மார்ச் 5, காலை 7.30

இப்போது அம்மா, அப்பா. ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் அங்கே புரியும், மரியாதையாகவும் நடத்துவார்கள். ஆனால் நான்கு இடத்தில் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

சிப்ஸ் எதில் பொரிக்கிறீர்கள்? பல கடைகளில் மாட்டுக்கொழுப்பு. தாவர எண்ணெய் என்றாலும் அதே சட்டியில்தான் மீனும் விழும்.

காய்கறி சூப் எந்தச் சாற்றில்? கோழிச் சாறாக இருக்கலாம்.

சீஸ் எப்படி உறைந்தது? பார்மிசான் என்றால் கன்றின் வயிற்று நொதி.

இனிப்பில் ஜெலட்டின் உண்டா? க்ளூட்டி டம்ப்ளிங் என்றால் விலங்குக் கொழுப்பு உண்டா?

சைவ ஹாகிஸ் பரவலாகக் கிடைக்கும், பருப்பு, பயறு, ஓட்ஸ், விதைகள் சேர்ந்தது. கிழங்கு மசியலோடு கேட்டால் அப்பாவுக்கு வயிறு நிறையும். ஒபானிலும் ஸ்கையின் போர்ட்ரீயிலும் இந்திய உணவகம் உண்டு. மற்ற இரவுகளுக்குச் சமையலறை உள்ள வீடு எடுப்பதே நிம்மதி. அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் ஒபான் சூப்பர் மார்க்கெட்டில் 1-ஆம் நாளே வாங்கிவிடுங்கள். மல்லில் கிடைப்பவை சிறிய கடைகள். ஸ்கையில் போர்ட்ரீயில் மறுபடி நிரப்பலாம்.

ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சாம்பார்பொடி எடுத்து வாருங்கள். நெய், பால்கோவா, தயிர்மிளகாய் வேண்டாம், இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், பொடியாக்கிக்கொள்ளுங்கள். சின்ன ரைஸ் குக்கர் வேலை செய்யும், மின்னழுத்தம் நம்மூர் மாதிரி 230 வோல்ட்தான், பிளக் மட்டும் செவ்வகக் கால் மூன்று. குக்கர் இழுக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற அடாப்டர் வாங்குங்கள், போன் சார்ஜருக்கான மெலிந்தது உருகும்.

மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் எந்தக் குறையும் இல்லை. ஸ்கையில் ஸ்டோர் பாறை அடிவாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால், 2 மணிக்குள் எந்த ஊருக்கு ஓடுவது என்ற பதற்றம் போய்விடும்.

மார்ச் 5, இரவு 9.20

ஓட்டுவது. இந்திய உரிமத்தில் வந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், சாலையின் இடப்பக்கம்தான், அந்தப் பழக்கம் கை கொடுக்கும். வாடகை நிறுவனம் சர்வதேச அனுமதிச்சீட்டும் கேட்கலாம். குழந்தை இருக்கை 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை சட்டப்படி கட்டாயம். இரண்டு இருக்கை சொல்லிவையுங்கள். ஏழு இருக்கை வண்டியில் கடைசி வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு கைப்பெட்டிக்குத்தான் இடம். பெரிய சூட்கேஸ் வேண்டாம், மடங்கும் துணிப்பையாகக் கொண்டுவாருங்கள்.

ஒற்றைத் தடத்தில்: ஒதுங்கிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் கடக்காதீர்கள், அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்றால் எதிர்வண்டி அதற்குள் வளைந்து போகும். மேடேறி வருபவருக்கு வழி. பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டி வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் அவரை முன்னே விடுங்கள், அவர் வேலைக்கோ படகுக்கோ ஓடுகிறார். அங்கே நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. புல்லோரத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள், மேலே புல், கீழே பஞ்சு போன்ற பீட் மண், வண்டி அமிழும்.

அங்கே அதிகம் கெடுவது டயர். சாலையோரம் உடைந்து கூர்மையாக இருக்கும், ஒதுங்கும்போது டயரின் பக்கச்சுவர் கிழியும். இப்போதைய வாடகைக்கார்களில் பலவற்றில் மாற்றுச் சக்கரம் இல்லை, நுரை டப்பா மட்டும். அந்த நுரை ஆணி ஓட்டைக்கு ஆகும், பக்கச்சுவர் கிழிசலுக்கு ஆகாது. காரை வாங்கும்போதே பின்பெட்டித் தரையைத் தூக்கிப் பாருங்கள். டயர், கண்ணாடி, அடிப்பகுதி காப்பீட்டில் அடங்குமா என்று கேளுங்கள். கதவும் அப்படித்தான்: நீஸ்ட் பாயிண்ட் மாதிரி முனைகளில் காற்று கதவைப் பிடுங்கிக் கீலை வளைத்துவிடும். காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள், பிள்ளைகளின் கதவை நீங்கள் திறந்துவிடுங்கள்.

மது: 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் வரம்பு 100 மி.லி. இரத்தத்துக்கு 50 மி.கி., இங்கிலாந்தில் 80. ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொட வேண்டாம். பல வடிசாலைகளில் ஓட்டுநருக்குரிய பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பார்கள், இரவு அறையில் குடிக்கலாம்.

மார்ச் 6, காலை 8.00

ஸ்கை இரண்டு நாள். ஒரு நாள் ட்ராட்டர்னிஷ் சுற்று: போர்ட்ரீயிலிருந்து ஸ்டோர், குவிரெய்ங், ஊயிக், மறுபடி போர்ட்ரீ, 80 கி.மீ. ஸ்டோருக்குக் காலை 8-க்குள் போங்கள், நிறுத்துமிடம் கட்டணம். ஏறி இறங்க 3.8 கி.மீ., ஒன்றரை முதல் இரண்டு மணி. அம்மாவால் முடியாது. ஆனால் குவிரெய்ங்கில் கார் நிற்கும் மேட்டிலேயே மலை முழுதும் விரியும், அவர்களுக்கு அது போதும். மறுநாள் மேற்கு: டன்வெகன் கோட்டை, கார்பாஸ்ட், முடிந்தால் ஃபேரி பூல்ஸ் என்ற அருவிக் குளங்கள். நீஸ்ட் பாயிண்டில் செங்குத்தான படிகள், பெரியவர்கள் மேலேயே நின்று கடலைப் பார்க்கட்டும்.

மிட்ஜ்: கொசுவைவிடப் பலமடங்கு சிறியது, கூட்டமாகக் கடிக்கும். காற்றில்லாத, ஈரமான அதிகாலையும் மாலையும் அதன் நேரம். மணிக்கு 11 கி.மீ.க்கு மேல் காற்றடித்தால் பறக்க முடியாது, ஆகவே உட்கார மேடான, காற்று வரும் இடம் தேடுங்கள். ஸ்மிட்ஜ் என்ற பூச்சு அங்கேயே கிடைக்கும். தலைக்கு ஆளுக்கொரு வலை.

மார்ச் 6, மாலை 5.30 (கேள்வி கேட்டவர்)

வீட்டில் பேசிவிட்டோம். என்சி500 இல்லை. அப்பாவுக்கு மட்டும் ஹாரிஸ் மணற்கரை மனதில் நிற்கிறது. மல்லை விட்டுவிட்டு ஹாரிஸ் வைக்கலாமா?

மார்ச் 6, இரவு 9.50

வைக்கலாம், ஆசையும் நியாயம்தான், லஸ்கென்டைர் மணலும் நீரின் நிறமும் அப்படி. ஊயிக் – டார்பர்ட் படகு ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள். ஆனால் உங்கள் 8 நாளில் ஞாயிறு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஹாரிஸ், லூயிஸ் மக்கள் ஞாயிறை ஓய்வுநாளாகக் கடைப்பிடிப்பவர்கள், கடை, உணவகம், பெட்ரோல் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே பெட்ரோலும் மளிகையும் நிரப்ப வேண்டும். அங்கே இரண்டு இரவு வைத்தால்தான் படகுக் கூலி தகும்.

அப்படிச் செய்தால் 1-ஆம் நாள் ஒபானுக்குப் பதில் ஃபோர்ட் வில்லியமில் தங்குங்கள். 2-ஆம் நாள் காலை க்ளென்ஃபின்னனில் ரயிலோடு பாலத்தைப் பார்த்துவிட்டு மாலெய்க் போகலாம், பிள்ளைகளின் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். இழப்பது அயோனா. ஒபான் மளிகையை ஃபோர்ட் வில்லியமில் வாங்குங்கள். ஊயிக் படகுக்குக் காருக்கு இடம் உறுதியான பிறகே ஸ்கை வீட்டுக்கு முன்பணம் கட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் முதல் திட்டத்துக்கே திரும்பிவிடலாம், ஒபான் படகை அதுவரை ரத்து செய்யாதீர்கள்.